கழற்றும் அறை

மேல்விஷாரம் ஷூ கம்பெனியில்
பதினோரு வருஷம் செக்கிங்.
வெளிச்சத்துக்கு நேரே தோலைப் பிடித்தால்
ஊசி முனை ஓட்டையும்
என் கண்ணில் சிக்கிவிடும்.
அந்தக் கண்ணுக்குத்தான்
இப்போது வேலூரில் சம்பளம்.

உள்ளே வார்டு. நான் அங்கே போவதில்லை.
வெளியே காட்பாடி ரோட்டு ஹாரன்.
நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அறை,
தரையில் சிவப்புக்கோடு, மஞ்சள் தொட்டி,
ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி.
தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் நான்.

மாட்டிக்கொள்வதை யாரும் செய்வார்கள்,
கழற்றும்போதுதான் காய்ச்சல் ஒட்டும்
என்றார்கள் முதல் நாள்.
அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.
கையுறை.
முடிச்சு, பின்னாலிருந்து.
உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டுங்கள்,
வெளிப்பக்கம் உங்கள் மேல் படக்கூடாது.
கையைத் தேயுங்கள்.
கண்ணாடி. மறுபடி கை.
மாஸ்க் கடைசியில்,
கோட்டைத் தாண்டிய பிறகு.
அவசரம் வேண்டாம் சார்.

சர்ஜன் அருமைநாயகத்திடம்
அந்தக் கடைசி வரியைச் சொல்ல
எனக்கு நாலு நாள் பிடித்தது.
ஐந்தாம் நாள் சொன்னேன்.
காதுப் பக்கம் போன கை அப்படியே நின்றது,
பிறகு இறங்கியது.
நான் பத்தாவது ஃபெயில்.

அக்னி நட்சத்திரம் வேறு.
அங்கியை உரித்தால்
கோட்டை அகழியில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி
சொட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ராத்திரி மூன்று மணிக்கு தில்ஷாத் வந்தாள்.
ஆறாம் நம்பர் படுக்கை போய்விட்டது,
குடியாத்தத்துக்காரர், லுங்கி வியாபாரம்.
அவள் கண்ணாடிக்குள் பனி மாதிரி ஏதோ.
கை முகத்துக்கு ஏறியது.
"தொடாதே!"
கம்பெனி மெஷின் சத்தத்துக்கு மேல்
கத்திப் பழகிய குரல் எனக்கு.
நின்றாள்.
வழியட்டும், அப்படியே நில் என்றேன்.
கையுறை என்றேன். முடிச்சு என்றேன்.
வழக்கத்தைவிட மெதுவாகப் படித்தேன்.
கோட்டைத் தாண்டி, மாஸ்க்கைப் போட்டு,
கடைசித் தடவை கை கழுவி நிமிர்ந்தபோது
துடைக்க எதுவும் மிச்சமில்லை.
தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.
எனக்கு ஸ்டூலை விட்டு எழ அனுமதியில்லை.

மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க
தலைக்கு மேல் ஒரு உறையைக் கவிழ்த்து
கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள்.
நாக்கில் கசந்தால் எங்கோ ஒழுகுகிறது,
வேறு அளவு கொடுப்பார்கள்.
டாக்டர் இருபது, நர்ஸ் நாற்பத்தாறு
என்று பட்டியல் போட்டார்கள்.
அழுக்குத் துணி மூட்டை தள்ளும்
முனிரத்தினம் பெயர் அதில் இல்லை.
காண்ட்ராக்ட் ஆள்.
பதினாறு நாளாய் அவர் மூக்கில் இருந்தது
வீட்டில் தைத்த பூப்போட்ட துணி.

கதவைத் திறக்க மாட்டேன் என்றேன்.
உள்ளே மூட்டை சேர்ந்தது.
மூன்று மணி நேரம், நாலு ஃபோன்,
கடைசியில் சூப்பிரண்டெண்டே வந்தார்.
"யார் நிறுத்தச் சொன்னது?"
சுவரைக் காட்டினேன், அவர் ஒட்டியதுதான்.
உள்ளே செல்லும் ஒவ்வொருவரும்,
என்று ஆரம்பிக்கிறது.
அவர் அதை இரண்டு தடவை படித்தார்.
என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் முனிரத்தினம் உறைக்குள்.
"கசக்குது."
இரண்டாவது மாஸ்க்.
"இன்னும் கசக்குதும்மா."
மூன்றாவது, சின்ன அளவு.
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"இன்னாண்ணா?"
"ஒண்ணும் தெரில."
வார்டு ஆட்கள் கைதட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
பதினாறு நாள் என்ற கணக்கு
எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து காலையும் மாலையும்
அவர் நெற்றிச் சூட்டை நோட்டில் எழுதுகிறேன்.
தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.
தொண்ணூற்றெட்டு புள்ளி ரெண்டு.
நேற்று மாலை தொண்ணூற்றொன்பது.
வெயிலில் நடந்து வந்தேன் என்றார்.
உட்காரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டு,
கால் மணி கழித்து மறுபடி எடுத்தேன்.

பதினாலு நாள் எழுத வேண்டும்.
இன்னும் மூன்று நாள் இருக்கிறது.
பேனா மங்கலாக எழுதுகிறது,
வேறு கேட்டிருக்கிறேன்.